ஜருகண்டி... ஜருகண்டி! - பேஸ்பால் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ ஒரு பதிலுக்கு நடுவுல போற போக்குல பேஸ்பால் பத்தி நாலு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், கேள்வியா வந்து குவிஞ்சிடுச்சு. முக்கால்வாசி ஒரே விஷயத்தை சுத்தித்தான்: அடிச்ச பந்து தரையில உருண்டு போனா யார் ஓடணும், யார் நிக்கலாம், எப்ப அவுட்டு. சரி, இந்த தடவை முழுக்க அதுவே. புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: மட்டை புடிச்சு நிக்கற இடம் ஹோம், அங்கேந்து முதல், ரெண்டாவது, மூணாவதுன்னு மூணு பேஸ சுத்தி திரும்ப ஹோம தொட்டா ஒரு ரன். சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கவனிச்சிடலாம்.

என் பையனுக்கு பத்து வயசு, இங்க லிட்டில் லீக் ஆடறான். போன வாரம் ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) பந்த எடுத்துட்டு வந்து ரெண்டாவது பேஸ மிதிச்சான், ஓடி வந்த பையன தொடவே இல்ல, அவுட்டுன்னுட்டாங்க. அடுத்த இன்னிங்ஸ்ல என் பையன் அதே மாதிரி மூணாவது பேஸ மிதிச்சான், அம்பயர் கண்டுக்கவே இல்ல, கோச் "தொடு தொடு"ன்னு கத்தறார். என் பிள்ளைக்கு மட்டும் தனி ரூலா?
- நியூ ஜெர்சியில இருந்து ஒரு அம்மா

தனி ரூல் எல்லாம் இல்லம்மா. நீங்க திருப்பதி போயிருப்பீங்க. எட்டு மணி நேரம் க்யூவுல நின்னு உள்ள போயி, பெருமாள கண்ணால பாக்கறதுக்குள்ள "ஜருகண்டி ஜருகண்டி"ன்னு தோள புடிச்சு நகத்திடுவாங்க. நமக்கு நகர இஷ்டமா இல்லையான்னு யாரும் கேக்கறதில்ல, பின்னாடி ஆள் வந்தாச்சு, நகர்ந்துதான் ஆகணும். பேஸ்பால்ல ஃபோர்ஸ்னு சொல்றது இந்த ஜருகண்டியத்தான்.

ஒரு பேஸ்ல ஒருத்தர்தான் நிக்கலாம். பந்து தரையில உருண்டுச்சுன்னா அடிச்சவன் முதல் பேஸுக்கு ஓடியே ஆகணும், அவனுக்கு வேற வழி கிடையாது. அப்ப ஏற்கனவே முதல் பேஸ்ல நிக்கறவனுக்கு ஜருகண்டி, அவன் ரெண்டாவதுக்கு போகணும். ரெண்டாவதுலயும் ஒருத்தன் இருந்தா அவனுக்கும் ஜருகண்டி, மூணாவதுக்கு ஓடு. இப்படி பின்னாலேந்து தள்ளு வாங்கறவனுக்கு திரும்பிப் போக இடமே இல்ல பாருங்க, அதனால அவன் போக வேண்டிய பேஸ பந்தும் கையுமா மிதிச்சாலே போதும், அவுட்டு. முதல் தடவை நடந்தது இது.

உங்க பையன் விஷயத்துல என்ன ஆயிருக்கும்னா, ரெண்டாவது பேஸ்ல மட்டும் ஆள் இருந்திருப்பான், முதல் பேஸ் காலி. அடிச்சவன் போய் அந்த காலி இடத்துல உக்காந்துக்குவான், ரெண்டாவதுல இருக்கறவன யாரும் தள்ளல. அவன் மூணாவதுக்கு ஓடினது அவன் இஷ்டத்துக்கு. வேண்டாம்னு தோணினா பாதி வழியில திரும்பி வந்துக்கலாம், பழைய இடம் அவனுக்காக அப்படியே இருக்கு. அந்த மாதிரி ஆள அவுட் பண்ண அவன் உடம்புல பந்தால தொட்டே ஆகணும்.

ரூல் புக்க எல்லாம் விடுங்க, பையன்கிட்ட ஒரே ஒரு கேள்விய மனசுல வெச்சுக்க சொல்லுங்க: ஓடறவனுக்கு திரும்பிப் போக இடம் இருக்கா? இல்லன்னா பேஸ மிதி, இருந்தா ஆளத் தொடு. நான் பேஸ்பால் பாக்க கத்துக்கிட்டதே இத ஒண்ண வெச்சுத்தான்.

ரெண்டு விஷயம் கூட சொல்லிடறேன், இந்த வயசு பசங்க தடுக்கி விழற இடம் இதுதான். தொடறதுன்னா பந்து இருக்கற கையால தொடணும். பந்து வலது கையில இருக்கு, இடது கை கிளவுஸ் காலியா இருக்கு, அந்த காலி கிளவுஸால முதுகுல ஓங்கி அறைஞ்சாலும் அது அவுட் இல்ல. இன்னொண்ணு, முதல் பேஸ்ல ஆள் இருக்கான், பந்து நேரா முதல் பேஸ்மேன்கிட்ட உருண்டு வருது, அவன் கையில எடுத்துட்டு பக்கத்துல இருக்கற தன் பேஸ மிதிச்சுட்டு ரெண்டாவதுக்கு எறியறான்னு வைங்க. மிதிச்ச அந்த நிமிஷமே அடிச்சவன் காலி. பின்னால ஆள் இல்லன்னா ஜருகண்டியும் இல்ல! முன்னால ஓடறவனுக்கு முதல் பேஸ் திரும்ப கிடைச்சிடுச்சு. அதனால ரெண்டாவது பேஸ்ல பந்த வாங்கறவன் பேஸ மிதிச்சுட்டு சும்மா நிக்கக்கூடாது, ஆளத் தொடணும். இத பெரியவங்களே மறந்துடறாங்க.

ஸ்கோர் போடறவங்க 6-4-3ன்னு எழுதறாங்களே, அது என்ன கணக்கு?
- திருச்சி வாசகர்

ஃபீல்டர்களோட நம்பர் சார், முதுகுல இருக்கற ஜெர்சி நம்பர் இல்ல, நிக்கற இடத்துக்கான நம்பர். பந்து போடற பிட்சர் 1, ஹோமுக்கு பின்னால நிக்கற கேட்சர் 2, முதல் பேஸ் 3, ரெண்டாவது 4, மூணாவது 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் இடது, நடு, வலதுன்னு அவுட்ஃபீல்டு 7, 8, 9. ஆக 6-4-3ன்னா ஷார்ட்ஸ்டாப் எடுத்து, ரெண்டாவது பேஸ்மேனுக்கு குடுத்து, அவன் பேஸ மிதிச்சுட்டு முதல் பேஸுக்கு எறிஞ்சான்னு அர்த்தம். ஒரே பந்துல ரெண்டு பேர் காலி, டபுள் பிளே. பேஸுக்கு பேஸ் 90 அடி, அடிச்சவன் முதல் பேஸ் போய் சேர 4 செகண்டு சொச்சம் ஆகும், அதுக்குள்ள ஒரு எடுப்பு, ரெண்டு எறி எல்லாம் முடிஞ்சிருக்கணும்.

நடுவுல நிக்கற அந்த 4ஆம் நம்பர் பாடுதான் பாவம். அவன் எறியறத கெடுக்கறதுக்குன்னே ஓடி வர்றவன் அவன் கால பாத்து சறுக்குவான், அது ரொம்ப வருஷமா "ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்"னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2015 பிளே ஆஃப்ல டாட்ஜர்ஸோட சேஸ் அட்லி அப்படி சறுக்கினதுல மெட்ஸ் ஷார்ட்ஸ்டாப் ரூபன் தெஹாதாவோட கால் எலும்பே உடைஞ்சு போச்சு. 2016லேந்து பேஸ நோக்கித்தான் சறுக்கணும், ஆள நோக்கி இல்லன்னு ரூல் போட்டாங்க, மீறினா சறுக்கினவனோட சேத்து அடிச்சவனும் அவுட்டு. கால் உடைஞ்சப்புறம்தான் புத்தி வருது எல்லா இடத்துலயும்.

அடிச்சவன் முதல் பேஸுக்கு ஓடாம திரும்பி ஹோம் பக்கமே ஓடற வீடியோ ஒண்ணு பாத்தேன். அதெல்லாம் செல்லுமா?
- கோயம்புத்தூர் வாசகர்

செல்லும் தம்பி. நீங்க பாத்தது கப்ஸ் டீமோட ஹாவியர் பயஸ் பண்ண கூத்தாத்தான் இருக்கும், 2021 மே 27, பிட்ஸ்பர்க்ல, கப்ஸுக்கும் பைரேட்ஸுக்கும் நடந்த மேட்ச். நான் அத எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கு இல்ல, வீட்ல திட்டே வாங்கியாச்சு.

ரெண்டு அவுட் ஆயாச்சு, ரெண்டாவது பேஸ்ல அதே டீமோட கான்ட்ரேரஸ் இருக்கார். பயஸ் மூணாவது பேஸ் பக்கமா ஒரு சாதாரண கிரவுண்டர், அதாவது தரையில உருளற பந்து அடிக்கறார். மூணாவது பேஸ்மேன் எடுத்து எறியறார், எறி கொஞ்சம் ஹோம் பக்கமா விலகிடுச்சு, முதல் பேஸ்மேன் வில் கிரெய்க் பேஸ விட்டு வந்து பந்த புடிச்சுட்டார். இப்ப பந்து கையில, பயஸ் எதிர்ல ஓடி வர்றார், பேஸ் கிரெய்க் முதுகுக்குப் பின்னால. திரும்பிப் போய் பேஸ மிதிச்சா இன்னிங்ஸ் முடிஞ்சுது. மூணாவது அவுட், எல்லாரும் டக்அவுட்டுக்கு போய் தண்ணி குடிக்கலாம்.

பயஸ் என்ன பண்ணார், சடார்னு பிரேக் போட்டு, வந்த வழியே ஹோம் பக்கம் பின்வாங்க ஆரம்பிச்சுட்டார். ஹோம் பிளேட் வரைக்கும் போயிட்டாதான் அவுட்டு, அதுக்கு முன்னால பின்வாங்க தடை இல்ல. கிரெய்க்குக்கு எங்க மூளை நின்னுச்சோ தெரியல, பேஸ மறந்துட்டு, பிள்ளைங்க தெருவுல தொட்டு விளையாடற மாதிரி பின்னாடியே தொரத்தறார்! இந்த சந்துல கான்ட்ரேரஸ் மூணாவத தாண்டி ஹோமுக்கு பாஞ்சு வர்றார். கிரெய்க் பதறிப்போய் கேட்சருக்கு பந்த தட்டிவிட, கேட்சர் தொடறதுக்குள்ள கான்ட்ரேரஸ் உள்ள வந்துட்டார். பக்கத்துல நின்னுட்டு இருந்த பயஸே ரெண்டு கையையும் விரிச்சு "சேஃப்"னு அம்பயர் மாதிரி காட்டறார், காட்டிட்டு அப்பதான் ஞாபகம் வந்தவரா முதல் பேஸ பாத்து ஓடறார். அங்க பந்து வாங்க ஆளே இல்ல, ரெண்டாவது பேஸ்மேன் அரக்கப்பரக்க ஓடி வர்றார், கேட்சர் எறிஞ்சது தப்பிப் போச்சு, பயஸ் ரெண்டாவது பேஸ் வரைக்கும் போய் நின்னுட்டார். அடுத்து இயன் ஹாப் அடிச்ச அடியில அவரும் ஒரு ரன். கடைசியில கப்ஸ் 5-3.

இதுல இன்னொரு கொடுமை இருக்கு. மூணாவது அவுட்டு, அடிச்சவன் முதல் பேஸ தொடறதுக்கு முன்னால விழுந்துட்டா, அந்த பந்துல வந்த ரன் எதுவும் கணக்குல ஏறாது. கான்ட்ரேரஸ் ஹோம தொட்ட பிறகும்கூட யாராவது முதல் பேஸ்ல நின்னு ஒழுங்கா பந்த வாங்கியிருந்தா அந்த ரன் காத்தோட போயிருக்கும். முதல் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டிய பயஸுக்கு திரும்பிப் போக இடமே இல்லங்க! இருந்த மாதிரி நடிச்சார், எதிராளி அத நம்பிட்டார்.

முதல் பேஸ மட்டும் தாண்டி ஓடறாங்க, ரெண்டாவதுல சறுக்கிட்டு வந்து கட்டிப் புடிச்சுக்கறாங்க. ஏன்? பந்தும் காலும் ஒரே நேரத்துல வந்தா யாருக்கு?
- சேலம் வாசகி

முதல் பேஸ தொட்டுட்டு ஓடின வேகத்துல தாண்டிப் போகலாம்னு ரூல்லயே சலுகை இருக்கு, உடனே திரும்பி வந்துட்டா சரி. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் அந்த சலுகை கிடையாது, பேஸ விட்டு ஒரு இன்ச் கால் நகர்ந்த நேரம் பந்தால தொட்டா போச்சு. அதனாலதான் சறுக்கறது, அது ஒரு வகையில பிரேக்குதான். நம்ம கிரிக்கெட்ல மட்டைய கோட்டுக்குள்ள தேச்சுட்டு ஓடிடலாம், இங்க அது நடக்காது. முதல் பேஸ தாண்டினவன் வலது பக்கமாத்தான் திரும்பணும், இடது பக்கம் திரும்பினா அவுட்டுன்னு ஒரு பேச்சு உண்டு, சும்மா. எந்தப் பக்கம் வேணா திரும்பலாம், ரெண்டாவதுக்கு ஓடற மாதிரி முயற்சி பண்ணாதான் சலுகை போகும்.

ரெண்டும் ஒண்ணா வந்தா? அடிச்சவன் தொடறதுக்கு "முன்னால" பேஸ் மிதிபட்டாதான் அவுட்டுன்னு ரூல் சொல்லுது. ஆனா எந்த அம்பயரும் "ஒண்ணா வந்துச்சு"ன்னு ஒத்துக்க மாட்டார். அவங்க பழக்கம் என்னன்னா, கண்ணு பேஸ் மேல, காது கிளவுஸ் மேல. காலு படறத பாக்கறாங்க, பந்து கிளவுஸ்ல விழற "டப்" சத்தத்த கேக்கறாங்க, எது முந்திச்சோ அது.

அப்படி பழுத்த அம்பயரும் தப்பு பண்ணதுண்டு. 2010 ஜூன் 2, டெட்ராய்ட்ல பிட்சர் அர்மாண்டோ கலராகா 26 பேர வரிசையா அவுட் பண்ணிட்டார், ஒருத்தனும் பேஸ் ஏறல, இன்னும் ஒரே ஒருத்தன் போனா பெர்ஃபெக்ட் கேம். 27ஆவது ஆள் கிரவுண்டர் அடிச்சார், முதல் பேஸ்மேன் கப்ரேரா விலகி ஓடி எடுத்து எறிய, கலராகாவே ஓடி வந்து பேஸ்ல பந்த வாங்கினார். ஒரு எட்டு வித்தியாசத்துல அவுட்டு. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப்னு கைய விரிச்சுட்டார்! கலராகா ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க, சண்டையே போடல. ரீப்ளே பாத்துட்டு ஜாய்ஸ் தப்ப ஒத்துக்கிட்டார், மறுநாள் மைதானத்துல அவர்கிட்ட லைன் அப் தாள குடுக்க கலராகாவையே அனுப்பினாங்க, ஜாய்ஸ் அங்கயே அழுதுட்டார். இந்த மாதிரி விஷயங்களுக்கு ரீப்ளே கேக்கற வசதி 2014லதான் வந்துச்சு.

உருண்டு வர்ற பந்து ஓடறவன் மேல பட்டா?
- தஞ்சாவூர் வாசகர்

ஓடறவன் அவுட்டு, பந்து டெட் (ஆட்டம் அங்கயே நின்னுடும்), அடிச்சவனுக்கு முதல் பேஸ். ஃபீல்டர் ஏற்கனவே தொட்ட பந்தா இருந்தாலோ, இன்ஃபீல்டர (பேஸ்கள் பக்கமா நிக்கற ஃபீல்டர) தாண்டி வந்து, அத எடுக்கக்கூடிய வேற இன்ஃபீல்டர் யாரும் இல்லாம இருந்தாலோ மட்டும் தப்பிக்கலாம். பேஸ் மேல நின்னுட்டு இருந்தேன்னு சாக்கு சொன்னாலும் எடுபடாது.

இதுல ஓட்டைய கண்டுபிடிச்ச மகராசன் டான் ஹோக். 1957 ஏப்ரல், சின்சினாட்டிக்காக ரெண்டாவது பேஸ்ல நிக்கறார், முதல் பேஸ்லயும் ஆள் இருக்கு. வாலி போஸ்ட் ஷார்ட்ஸ்டாப் பக்கம் ஒண்ணு அடிச்சார், டபுள் பிளே ஆகப்போறது குழந்தைக்குக்கூட தெரியும். ஹோக் ஓடற வழியில குனிஞ்சு, வெறுங்கையால பந்த தானே எடுத்து, "இந்தாப்பா"ன்னு ஷார்ட்ஸ்டாப்கிட்ட தூக்கிப் போட்டார்! அன்னிக்கு ரூல்படி அவர் ஒருத்தர் மட்டும்தான் அவுட்டு, ரெண்டு போக வேண்டிய இடத்துல ஒண்ணு. கொஞ்ச நாள்லயே ரூல மாத்திட்டாங்க, டபுள் பிளேய கெடுக்கணும்னே பண்ணா அடிச்சவனும் சேந்து அவுட்டு. குறும்பு பண்ணவன் பேர ரூல்ல போடல, போட்டிருக்கலாம்.

ஆட்டம் முடிஞ்சுதுன்னு நெனச்சு பேஸ தொடாம போனா என்ன ஆகும்?
- சென்னை வாசகர்

வாழ்நாள் முழுக்க பேர் கெடும். 1908 செப்டம்பர் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ், ஜயண்ட்ஸும் கப்ஸும். ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1, ரெண்டு அவுட்டு. மூணாவதுல மெக்கார்மிக், முதல் பேஸ்ல ஃப்ரெட் மெர்க்கிள், வயசு 19. பிரிட்வெல் சென்டர் ஃபீல்டுக்கு அடிச்சார், மெக்கார்மிக் ஹோம தொட்டாச்சு, ஜனம் மைதானத்துக்குள்ள பாஞ்சுடுச்சு. பையன் மெர்க்கிள் கூட்டத்த பாத்துட்டு, ரெண்டாவது பேஸுக்கு பாதி வழியிலயே திரும்பி டிரெஸ்ஸிங் ரூம பாத்து ஓடிட்டான்.

அடிச்சவன் வர்றான், மெர்க்கிளுக்கு ஜருகண்டி இருக்கு இல்லையா. கப்ஸோட ஜானி எவர்ஸ் கூட்டத்துக்குள்ள ஒரு பந்த எப்படியோ வாங்கி ரெண்டாவது பேஸ மிதிச்சுட்டு அம்பயர பாத்தார். அது அடிபட்ட அதே பந்துதானாங்கறதே அடிதடி, ஜயண்ட்ஸ் ஆள் ஒருத்தர் அத கூட்டத்துக்குள்ள விட்டெறிஞ்சுட்டார்னும் ஒரு கதை இருக்கு. அம்பயர் ஹாங்க் ஓடே மெர்க்கிள் அவுட்டுன்னார். ஃபோர்ஸ்ல மூணாவது அவுட்டு விழுந்தா ரன் செல்லாது, ஆட்டம் டை. வேடிக்கை என்னன்னா, அதே மாசம் 4ஆம் தேதி பிட்ஸ்பர்க்ல இதே எவர்ஸ் இதே முறையீட்ட இதே ஓடேகிட்ட வெச்சிருக்கார், அன்னிக்கு ஓடே நான் பாக்கலன்னு தட்டிக் கழிச்சுட்டார். ரெண்டாவது தடவை ஆள் உஷார். அந்த காலத்துல இப்படி தொடாம போறத யாரும் கண்டுக்கறதில்ல, மெர்க்கிள் பண்ணது ஊரே பண்ணினதுதான், மாட்டினது அவன்.

சீசன் முடிவுல ரெண்டு டீமும் சமமா நிக்க, அக்டோபர் 8 திரும்ப ஆடி கப்ஸ் 4-2ல ஜெயிச்சு, வேர்ல்ட் சீரிஸும் அடிச்சாங்க. அதுக்கப்புறம் அவங்க அடுத்த வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சது 2016ல.

கோட்டு ஓரமா உருளற பந்து எப்ப ஃபவுல்?
- மதுரை வாசகர்

முதல் பேஸோ மூணாவது பேஸோ தாண்டற வரைக்கும் அது முடிவாகல, அதுக்குள்ள யாரும் தொடாம வெளிய போய் நின்னா ஃபவுல், அதாவது செல்லாத அடி. கோடும் உள்பக்கம்தான், கோட்டு மேலயே நின்னுட்டா நல்ல பந்து. 1981 மே மாசம் சியாட்டில்ல ஃபீல்டர் லென்னி ரேண்டில் என்ன பண்ணார் தெரியுமா, கோட்டோரமா ஊர்ந்து வந்த பந்துக்கு முன்னால நாலு கால்ல மண்டி போட்டு, அடுப்பு ஊதற மாதிரி ஊதி வெளிய தள்ளிட்டார்! அப்படி ஊதினது செல்லாதுன்னு அம்பயர் சொல்லிட்டார். ரேண்டில் கேட்டா, ஊதல, "வெளிய போ"ன்னு பந்துகிட்ட பேசிட்டு இருந்தேன்னார்.

மூணு பேரும் ஒரே பேஸ்ல வந்து நின்னா யாருக்கு சொந்தம்?
- ஈரோடு வாசகர்

நீங்க வம்புக்கு கேக்கறீங்க, ஆனா நடந்திருக்கு. 1926 ஆகஸ்ட், புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டு, எல்லா பேஸ்லயும் ஆள், ஒரு அவுட்டு. பேப் ஹெர்மன் வலது பக்க சுவர் வரைக்கும் அடிச்சார், மூணாவதுல இருந்தவர் ஹோம் வந்துட்டார். ரெண்டாவதுலேந்து வந்த டாஸி வான்ஸ் ஹோமுக்கு பாதி வழி போய் பயந்துட்டு மூணாவதுக்கே திரும்பினார். முதல் பேஸ்லேந்து வந்த சிக் ஃப்யூஸ்டர் அப்பதான் மூணாவதுக்கு வந்து சேந்தார். ஹெர்மன் தலைய தொங்கப்போட்டுட்டு எதையும் பாக்காம ரெண்டாவதயும் தாண்டி அதே மூணாவதுக்கு வந்துட்டார். பஸ் ஸ்டாப் மாதிரி மூணு பேர், ஃபீல்டர் எல்லாரையும் பந்தால தொட்டுத் தள்ளறார்.

முன்னால போறவனுக்குத்தான் இடம் சொந்தம், அதனால வான்ஸ் சேஃப், மத்த ரெண்டு பேரும் அவுட்டு. அதுக்கப்புறம் புரூக்ளின்ல ரொம்ப நாள் ஒரு ஜோக் ஓடுச்சு: "நம்ம ஆளுங்க மூணு பேர் பேஸ்ல இருக்காங்க"ன்னு ஒருத்தன் சொன்னா, அடுத்தவன் கேப்பானாம், "எந்த பேஸ்ல?"